தலைக்காசு

பாங்காக் போவதென்று முடிவான அன்று டிராவல்ஸ்காரர் மேசையில் மூன்று பட்டியல்களை விரித்தார். சில்வர், கோல்டு, பிளாட்டினம். "பாத்து எடுங்க சார், உங்க சாய்ஸ்தான்" என்றார். மூன்றிலும் இரண்டாம் நாள் காலை அரைநாள் 'சிட்டி டூர்' இருந்தது. மூன்றிலும் அதே தங்கப் புத்தர், அதே பளிங்குக் கோயில், அதே நவரத்தினக் காட்சியகம். பிளாட்டினத்தில் கூடுதலாக ஒரு தண்ணீர் பாட்டில். பந்தியில் உட்கார வைத்து "இட்லி வேணுமா, இட்லி வேணுமா?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

ஆனால் விலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாநகரத்தை ஏசி பேருந்தில் சுற்றிக்காட்ட அவர்கள் கேட்ட காசுக்கு, சென்ட்ரலிலிருந்து திருவான்மியூருக்கு ஆட்டோ வராது.

"எப்படிங்க கட்டுப்படியாகுது?"

"அதெல்லாம் அங்க பாத்துக்குவாங்க சார்."

அங்கே பார்த்துக்கொண்டார்கள். பேருந்தில் ஏறியதுமே நாற்பத்திரண்டு பேர் சட்டையிலும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க என்றார் வழிகாட்டித் தம்பி. சிரித்த முகம், தமிழில் மூன்று சொல் தெரியும்: வாங்க, சீக்கிரம், சாப்பாடு. மூன்றை வைத்தே ஒரு பேருந்துத் தமிழர்களை மேய்த்துவிடலாம் என்று அனுபவத்தில் கண்டுபிடித்திருக்கிறார்.

வாட் திரைமித் கோயிலின் தங்கப் புத்தர் ஐந்தரை டன். சுதைப் பூச்சுக்குள் பல தலைமுறை ஒளிந்திருந்தவர். 1955இல் இடம் மாற்றித் தூக்கும்போது பூச்சு உடைந்து பொன் தெரிந்தது. அவருக்கு நாங்கள் கொடுத்தது இருபது நிமிடம். இத்தாலியிலிருந்து கராரா பளிங்கு வரவழைத்துக் கட்டிய கோயிலுக்குப் பதினைந்து. கல் கடைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

கடை வாசலில் ஒரு பெண் நோட்டும் பேனாவுமாக நின்று எங்கள் ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்துத் தலைகளை எண்ணினாள். உள்ளே குட்டி ரயில் ஒன்றில் ஏற்றினார்கள். இருட்டுக் குகைக்குள் அது ஊர்ந்து போக, இரு பக்கமும் சுரங்கத் தொழிலாளிகள்: இடுப்புத் துணியும் மண்வெட்டியுமாக, நெற்றியில் வார்னிஷ் வியர்வை மின்ன, பொம்மைகள். பூமியின் வயிற்றிலிருந்து மாணிக்கத்தை எடுக்க அவர்கள் பட்ட பாட்டை ஒரு குரல் உருக்கமாகச் சொன்னது. சுத்தத் தமிழில்! அந்த ஊரில் என் தாய்மொழிக்கு அத்தனை மரியாதை கிடைத்த இடம் வேறில்லை. குகை முடிந்து வெளிச்சம் வந்தால் நேரே கண்ணாடிப் பெட்டிகள். மதுரையிலிருந்து வந்திருந்த மாமி ஒருவர் நீலக்கல் மோதிரம் வாங்கும்வரை கதவு இருக்கும் திசையை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

சூத்திரம் எளிது. டூரை அடக்க விலைக்கும் கீழே விற்பது, ஆட்களைத் தலை எண்ணி வழிகாட்டியிடம் தள்ளிவிடுவது. அவர் கடை கடையாக ஏற்றி இறக்கிக் கமிஷனில் போட்டதை எடுக்க வேண்டும். சீனப் பயணிகளை வைத்து நடந்த இந்த 'பூஜ்ய டாலர்' வியாபாரத்தின்மேல் 2016இல் தாய்லாந்து அரசு பாய்ந்து, பேருந்துகளைப் பிடித்து நிறுத்தி வைத்தது. நாங்கள் போன பேருந்து செய்தித்தாள் படிப்பதில்லை போலும். தோட்டக்காடுகளுக்கு ஆள் பிடித்த கங்காணிகளின் காலத்தில் இதற்குத் தமிழில் பெயரே இருந்தது: தலைக்காசு.

தனியாகப் போயிருக்கலாமே என்பீர்கள். அரண்மனைப் பக்கம் நடந்து பாருங்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு கனவான் வருத்தத்தோடு எதிர்ப்படுவார்: "இன்று அரண்மனை மூடல். பூஜை." பக்கத்திலேயே தயாராக ஒரு டுக்-டுக், அடிமாட்டு விலையில் நாலு கோயில் காட்ட. நாலாவது கோயிலில் எந்தச் சாமி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் கண்ணாடிப் பெட்டிதான் கருவறை.

கடை கடையாக ஏறி இறங்கிய அவசரத்தில் நகரம் ஜன்னலோடு போய்விட்டது. சாவோ பிரயா ஆற்றை ஒரு பாலத்தின் மேலிருந்து பதினோரு விநாடி பார்த்தோம். சிவப்புத் தூண்கள் வானுயர நிற்கும் ராட்சத ஊஞ்சலை சிக்னலில் நின்றபோது காட்டி, "பெரிய ஊஞ்சல், இடது ஜன்னல், போட்டோ" என்றார் தம்பி. அந்த ஊஞ்சல் விழாவோடு சேர்ந்த அரண்மனைச் சடங்குக்குத் 'திரியம்பவாய்' என்று பெயர். நம் திருவெம்பாவை கடல் தாண்டித் தேய்ந்த ஓசை. பேருந்தில் முக்கால்வாசிப் பேர் மார்கழியில் அதைப் பாடிக் குளிர்ந்தவர்கள். இடது ஜன்னல், போட்டோ. தமிழர்கள் எழுப்பிய சீலோம் மாரியம்மன் கோயில் பட்டியலிலேயே இல்லை. அம்மன் கமிஷன் கொடுப்பதில்லை.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். நாலாம் நாள் காஞ்சனபுரி. பெயரைக் கேட்டாலே நம்மூர் மாதிரி இருக்கிறதல்லவா? பட்டியலில் 'குவாய் நதிப் பாலம், ரயில் பயணம், இந்தியன் லஞ்ச்' என்று இருந்தது.

தம்பி மைக்கைப் பிடித்து சினிமாக் கதையை ஆரம்பித்தார். 1957இல் டேவிட் லீன் எடுத்தது, ஏழு ஆஸ்கர். பாலத்தையும் வெள்ளைக்காரக் கைதிகளையும் சீட்டியடிக்கும் பாட்டையும் சொன்னார். அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில், களனி ஆற்றங்கரையில், கித்துல்கலையில் என்பதைச் சொல்லவில்லை. பாலத்தின் கீழ் ஓடிய ஆற்றுக்கு அப்போது மே குளோங் என்று பெயர். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் "குவாய் எங்கே?" என்று கேட்டுக் கேட்டு, 1960 வாக்கில் ஆற்றுக்கே பெயரை மாற்றி குவாய் யாய் ஆக்கிவிட்டார்கள். பயணிகளுக்காக ஓர் ஆற்றின் பெயரை மாற்றத் தெரிந்த தொழில் இது. செத்தவன் பெயரைத் தேட மட்டும் அதற்குத் தெரியவில்லை.

அந்தப் பாலம் கிடக்கும் சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942, 43இல் ஜப்பானியப் படை போட்டது. போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல், அவர்களில் செத்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். காஞ்சனபுரிக் கல்லறையில் 6,982 பேர். கத்தரித்த புல், வெண்கலத் தகட்டில் பெயர், படைப்பிரிவு, வயது. இருக்கட்டும், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தாம். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் அள்ளி வந்த கூலிகளின் சாவோ தொண்ணூறாயிரம் என்கிறார்கள், அதற்கு மேலும் என்கிறார்கள். எண்ணியவர் யாருமில்லை, மதிப்பீடுதான். ஒரு பக்கம் கடைசி இலக்கம் வரை கணக்கு; மறுபக்கம் ஆயிரங்களில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பால்மரம் சீவியவர்கள். சில மாதத்தில் திரும்பலாம், நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம் என்று தோட்டக் குடியிருப்பில் லயத்துக்கு லயம் ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே சரக்கு வண்டியில் ஏற்றியதும் உண்டு. படம் பார்க்கப் போனவனைத் தண்டவாளத்தில் புதைத்தார்கள். பிறகு அந்தத் தண்டவாளத்தைப் படமாக எடுத்து அவனை அதிலிருந்தும் நீக்கினார்கள்.

ஊரில் 1977இல் ஒரு புத்த விகாரையில் தொடங்கிய போர் அருங்காட்சியகத்துக்குப் பெயர் 'ஜீத்'. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள். கொன்றவனுக்கு முதலெழுத்தே கிடைத்திருக்கிறது. கூலிக்கு ஓர் எழுத்து மிஞ்சவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் அந்தக் கூலிகளின் கதையை நாவலாக எழுதினார். தமிழர்கள் சிலர் முயன்று காஞ்சனபுரியில் நடுகல்லும் வைத்திருக்கிறார்கள். எந்த டூர் பேருந்து அங்கே நிற்கிறது?

தம்பியிடம் போய்க் கேட்டேன், கூலிகள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரைக் கடை கடையாக ஓட விட்டவர்கள் மேல் இருந்தது. அதைவிட, வாய் திறந்து ஒரு கேள்வி கேட்காமல் பாலத்தில் கால் அகட்டி நின்று செல்ஃபி எடுத்த என் இனத்தின் மேல் இருந்தது. காலரா முகாமில் வாயில் ஈ மொய்க்கக் கிடந்தவனின் பேரனாகக்கூட அவர்களில் ஒருவன் இருக்கலாம். "இங்கே பொம்மை இல்லையா?" என்று மட்டும் ஒரு சிறுவன் கேட்டான். கல் கடை ரயில் அவனுக்கு நினைவிருந்திருக்கிறது.

"தெரியாது சார். யாரும் கேட்டதில்லை" என்றார் தம்பி.

பொய்யில்லை. 1943இல் வேலையை முடுக்கக் காவலர்கள் கத்திய 'ஸ்பீடோ' என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் அறிந்திருந்தார். அதைச் சினிமாக் குரலில் சொல்லிக்காட்டி, பேருந்தில் கைத்தட்டலும் வாங்கியிருந்தார்.

தாம் கிராசேயில், பாறையை ஒட்டிய மரப்பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோது மதுரை மாமி நீலக்கல் மோதிரம் போட்ட கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இந்த ரயிலு எதுவரைக்கும் போகும்?"

"நாம் தோக் வரை, மேடம்."

"அதுக்கு அங்கிட்டு?"

"ரயில் இல்லை. காடு." கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்து, தெரிந்த தமிழைக் கூவினார்: "வாங்க, வாங்க! சீக்கிரம்! சாப்பாடு!"

நாற்பத்திரண்டு பேரும் எழுந்தோம். தலையை எண்ணினார்.