பக்கத்துலதானுங்க

எங்கள் ஊரில் ‘பக்கத்துலதானுங்க’ என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. காரமடைத் தேர்வீதியில் நின்று கேட்டால் மேட்டுப்பாளையமும் பக்கத்துலதான், ஊட்டியும் பக்கத்துலதான். பொண்ணைக் கட்டிக்கொடுத்த இடம் வசதியான இடமாக அமைந்துவிட்டால் பெங்களூரும் பக்கத்துலதான். இந்த ஒரு சொல்லை நம்பித்தான் என் குடும்பம் வெளிநாடு கிளம்பத் திட்டம் போட்டது.

தொடக்கத்தில் அது அடக்கமான திட்டம். சிங்கப்பூர், நாலு நாள், நாலு பேர்: அம்மா, நான், வீட்டுக்காரி, மகள். கோயம்புத்தூரிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம் சொச்சம். சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறினால் விடிந்துதான் இறங்க முடிகிறது. “கணக்குப் பார்த்தா மெட்ராசைவிட சிங்கப்பூரு பக்கம்” என்று நான்தான் முதலில் வாயை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்புச் சாதத்துக்கு வந்திருந்த அக்கா வீட்டு மாமா, நெய்யை ஊற்றிக்கொண்டே அதைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங் மாப்ள, அத்தன தூரம் போயிட்டு மலேசியாவப் பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்? பாலத்தத் தாண்டுனா மலேசியாங்களாமா. பக்கத்துலதான?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு நாட்டையும் கடலுக்கு மேல் இணைக்கிற சாலை 1924-ல் திறந்தது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கொஞ்சம். எங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரி அதைவிட நீளம். மருதமலைக்குப் போய்விட்டுப் பேரூரை எட்டிப் பார்க்காமல் வீடு திரும்பிய வரலாறு எங்கள் வம்சத்தில் இல்லை. ஆன பயணச் செலவில் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது.

மாமா வழியைச் சொன்னதோடு நிற்கவில்லை. அக்காவும் அவரும் அவர்கள் பையனும் சேர்ந்துகொண்டார்கள். ஆக ஏழு பேர். “ஏழு பேருக்கு ஒரு வண்டி, ஒரு சமையல்காரரு, ஒரு கேஸ் அடுப்பு” என்று மாமா விரல் விட்டு எண்ணினார். காசி யாத்திரை போய்வந்த மனுசர்.

விசா என்று பேச்சு வந்ததும் மரியாதைப் பிரச்சினை முளைத்தது. நம்மவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து முப்பது நாளுக்கு விசா கேட்பதில்லை. வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்பினால் போதும். சிங்கப்பூர் கேட்கிறது. மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “வாங்க வாங்கன்னு கூப்புடறவனூட்டுக்கு மொதல்ல போறதா, சீட்டக் காட்டு, போட்டாவக் காட்டுன்னு வாசல்லயே நிறுத்தறவனூட்டுக்குப் போறதா?” ஒறம்பரை முறைப்படி அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எங்கள் ஊர் விமானம் சிங்கப்பூருக்குத்தான் போகிறது.

மகள் கணினியில் அட்டவணை போட்டாள். சிங்கப்பூரில் இறங்கி, மலேசியா போய், மறுபடி சிங்கப்பூர் வந்து விமானம் ஏறுவதென்றால் இரண்டு முறை உள்ளே நுழைய வேண்டும். விசா ஒரே நுழைவுக்கு வந்து தொலைத்தால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். “அதுக்குக் கோலாலம்பூர்லேர்ந்து நேரா திருச்சிக்கு வந்துரலாம், ஃப்ளைட் இருக்கு” என்றாள். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், சந்தேகமில்லை. ஆனால் அம்மா திண்ணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“திருச்சின்னா ஸ்ரீரங்கம் பக்கத்துலதான கண்ணு? நம்மூரு ரங்கநாதர வருசமெல்லாம் பாக்கறோம். பெரியவர ஒருக்காப் பாத்துட்டு வந்தறலாம்.”

அட்டவணையில் மூன்றாவது நாடாக ஸ்ரீரங்கம் ஏறியது.

மலேசியாவில் அம்மாவுக்கு வேண்டியது பத்துமலை மட்டும். 272 படி, பழனியில் பாதிகூட இல்லை, ஏறிவிடலாம் என்று முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள். கீழே நிற்கிற முருகன் சிலை 140 அடி, 2006-ல் திறந்தது என்று நான் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். “ஏனுங்க, எங்கூர்ல முத்துமலை முருகன் 146 அடி. 2022-லயே கும்பாபிசேகம் ஆயிருச்சு. ஆறடி கம்மியா இருக்கற சாமியப் பாக்க கடல் தாண்டிப் போறதுங்களா?” இரண்டையும் செய்த ஸ்தபதி ஒரே திருவாரூர்க்காரர் என்று சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அதனால் மாமியார், மருமகள் இருவரிடமும் கெட்ட பேர் வாங்கினேன்.

அடுத்து அம்மா கேட்டதுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் கேட்கிற முதல் கேள்வி. அன்றைக்கு என்னவோ தாமதமாக வந்தது. “அங்க தண்ணி எப்படி கண்ணு?”

இதைத் தேடப் போய்த்தான் அந்த இரண்டு நாடும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி தெரிய ஆரம்பித்தன. 1963-ல் ஒன்றாகச் சேர்ந்து குடும்பம் நடத்திப் பார்த்தவர்கள். ஒத்துவரவில்லை. 1965 ஆகஸ்ட் 9-ல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிரிந்தாலும் கிணறு பொது. சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன்வரை எடுத்துக்கொள்ளலாம் என்று 1962-ல் எழுதிய ஒப்பந்தம் 2061 வரை செல்லும். ஆயிரம் கேலனுக்கு விலை 3 சென். சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு பங்கை ஜொகூருக்கே ஆயிரம் கேலன் 50 சென்னுக்குத் திருப்பி விற்கிறார்கள். அண்ணன் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வதும், தம்பி பத்திரத்தை எடுத்துக் காட்டுவதும் அவ்வப்போது நடக்கிறது.

இதைச் சொன்னதும் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பொதுக் கிணற்றில் முறை வைத்து மோட்டார் போட்டு, அதற்காகப் பங்காளியோடு பதினாலு வருசம் பேசாமல் இருந்தவர் அவர். “நம்ம சிறுவாணி மாதிரியேதானுங்க!” என்றார். கோவை குடிக்கிற சிறுவாணி கேரள மண்ணில் இருக்கிற அணை. 1973-ல் போட்ட ஒப்பந்தம், 99 வருசம். அதற்குப் பிறகு மாமாவுக்குக் கட்டடம், கப்பல், கடைவீதி எதிலும் நாட்டமில்லை. பாலத்தின் ஓரமாகப் போகிற தண்ணிக் குழாயை மட்டும் இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்கிறார். அங்கே வண்டியை நிறுத்த விடமாட்டார்கள் என்பதை யாரும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

தேதி குறிக்க மூன்று ஞாயிறு ஆனது. மாசி மகத்துத் தேரை விட்டுவிட்டுப் போனால் ரங்கநாதர்கூட மன்னித்துவிடுவார், ஊர் மன்னிக்காது. பங்குனியில் மகளுக்குப் பரீட்சை. சித்திரையில் முகூர்த்தம் நாலு. கறிவேப்பிலை வெட்டு வேறு குறுக்கே. கடைசியில் வைகாசி நடுவில் ஒன்பது நாள் கிடைத்தது.

அப்புறம் மகள் தடைப் பட்டியலைப் படித்தாள். சிங்கப்பூருக்குள் சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது, 1992-லிருந்து தடை. நாங்கள் யாரும் அதை மெல்வதில்லை. மெல்லுகிற பொகையிலையும் கூடாது. மாமா வெத்தலைப் பையைப் பார்த்தார், பிறகு மலேசியாவில் எத்தனை நாள் என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பயணத்தின் மீது அவளுக்கு அன்றுதான் உண்மையான பற்று வந்தது.

கசகசா என்றதும் வீடே அமைதியாகிவிட்டது. சிங்கப்பூர் அதைப் போதைப்பொருள் கணக்கில் பார்க்கிறது, தடுப்புத் துறை அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது. அம்மாவின் கொழம்பு மசாலா கசகசா இல்லாமல் அரைத்ததே கிடையாது. அந்த மசாலா இல்லாமல் அம்மா வெளியூரில் ஒருவேளை சாப்பிட்டதும் கிடையாது. உள்ளே போய்த் தூக்குப்போசியை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து, பொடியை இரண்டு விரலில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இடிச்ச பொடில எப்புடிக் கண்டுபுடிப்பாங்க?”

“நாய் வெச்சிருப்பாங்க ஆத்தா” என்றாள் மகள்.

“நாய்க்கு நம்மூட்டு மசாலா புடிக்காம போகுமா?”

இருந்தாலும் பயம் பயம்தான். மறுநாள் காலையில் மொட்டை மாடியில் மல்லியும் மிளகாயும் பாயில் காய்ந்தன. கசகசா இல்லாத புது மசாலா, பயணத்துக்கென்று தனியாக. விசாவுக்கு இன்னும் போட்டோகூட எடுக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, தும்மிவிட்டுக் கேட்டார்: “என்னங்கக்கா, வெய்யில்ல மொளகா எல்லாம் காயுது? எங்கீங்க பயணம், மேட்டுப்பாளையமா?”

அம்மா மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அதுக்குக் கொஞ்சம் அக்கட்டங்க.”