பையனை மறுபடி உள்ளே அனுப்பச் சில எளிய வழிகள்

திருவள்ளூர் மணவாள நகரில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பைக் திருட்டில் மாட்டியிருக்கிறானா? படிப்பை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறதா? அப்பாவுக்குக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலையா? அருமை. கொஞ்சம் பக்குவமாக நடந்துகொண்டால் இவனை ஆயுசு முழுக்க வழக்கும் வாய்தாவுமாக வைத்திருக்கலாம்.

இளைஞர் நீதிச் சட்டம் சிறுவர்களுக்கு ஜாமீனைத்தான் முதல் வழியாகச் சொல்கிறது. அது அப்பாவின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பையனைத் தூரமாக அனுப்புங்கள். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குப் போய்வர அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். நாலைந்து தடவைக்குப் பிறகு அவளே வரவைக் குறைத்துவிடுவாள். அங்கே 1887லேயே சீர்திருத்தப் பள்ளி வந்துவிட்டது. நாட்டின் முதல் குழந்தைகள் சட்டமும் 1920இல் நம் சென்னை மாகாணம் போட்டதுதான். இத்தனை அனுபவம் உள்ள நாம், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைப் பார்த்துக் கெட்டுப்போகக் கூடாது. அவர்கள் 1983இல் பூன்வில் என்ற ஊரிலிருந்த பெரிய பள்ளியை இழுத்து மூடிவிட்டு, பையன்களின் வீட்டுப்பக்கமே சின்னச் சின்ன இல்லங்களாக வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பையனுக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டுமாம். ஒன்று எழுதி ஜெராக்ஸ் எடுங்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். தொழில் என்றால் மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுங்கள். காக்களூரில் வெல்டருக்கும் சிஎன்சி ஆபரேட்டருக்கும் ஆள் தேடுகிறார்கள் என்பது அவனுக்கு எதற்கு?

அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இறந்தான். அடித்ததாகப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது. இதில் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

உண்மையான வேலை அவன் வெளியே வந்த பிறகுதான். தெருவில் 'செங்கல்பட்டு ரிட்டர்ன்' என்று பட்டம் கட்டுங்கள். பள்ளிக்குப் போனால், சேர்க்கை முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். வேலை கேட்டால் போலீஸ் வெரிஃபிகேஷன் கேளுங்கள். திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் எந்த வண்டி காணாமல் போனாலும் ராத்திரி முதலில் அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஒரே ஒருவரை மட்டும் தடுக்காதீர்கள். அவர்தான் ஏரியா அண்ணன். இல்ல வாசலில் பைக்கோடு நிற்பார். பிரியாணி, போன், வக்கீல் பீஸ் எல்லாம் அவர் பொறுப்பு. பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்குப் பண உதவியும் பின்பராமரிப்பும் சட்டத்திலேயே இருக்கின்றன. அந்தக் காகிதம் மேஜை மேஜையாக நகர்வதற்குள் அண்ணன் தன் பராமரிப்பைத் தொடங்கியிருப்பார். நாம் ஒதுங்கிக்கொண்டாலே போதும், மீதியை அவர் முடித்துக்கொடுப்பார்.

ஆபத்து ஒன்றுதான். இந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்ட சிறுவனுக்குப் பழைய குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது, பதிவேடுகளையும் உரிய காலத்தில் அழித்துவிட வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. பெரியவர்களைப்போல் விசாரிக்கப்படும் கொடுங்குற்ற வழக்குகளுக்கு மட்டுமே விதிவிலக்கு. பைக் திருட்டு அதில் வராது. ஆகவே, மணவாள நகரில் பட்டறை வைத்திருப்பவர்களே, தயவுசெய்து அந்தப் பிரிவைப் படித்துவிடாதீர்கள். படித்தால் பையனை வேலைக்குச் சேர்த்துவிடுவீர்கள்.