பட்டறை எளிதா, கடினமா? – கேள்வி-பதில்

கே: ஆன்லைன் கேமில் வாள், கவசம் செய்வது சுலபமாக இருக்க வேண்டும் என்கிறேன். "சுலபமாகக் கிடைத்தால் மதிப்பே இல்லை" என்கிறான் நண்பன். நீங்கள் யார் பக்கம்?
(கல்லூரி மாணவர், பண்ருட்டி)

ப: உங்கள் ஊரில் முந்திரி உடைக்கும் அக்காக்களைக் கேளுங்கள். பருப்பு முழுசாக வந்தால் ஒரு விலை, உடைந்தால் அதைவிடக் குறைந்த விலை. அந்த வித்தியாசம் அவர்கள் கஷ்டப்பட்டுக் கற்ற கைப்பழக்கத்தில் இருக்கிறது. ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோவதும் கஷ்டம்தான்; ஆனால் அதனால் பருப்பின் தரம் துளியும் கூடுவதில்லை. கேமிலும் இந்த இரண்டு கஷ்டங்கள் உண்டு. முதலாவதைக் காப்பாற்ற நண்பரோடு நிற்பேன். இரண்டாவதை ஒழிக்க உங்களோடு நிற்பேன்.

கே: ஒரே பொருளை நூறு முறை செய்தால்தான் லெவல் ஏறுகிறது. இது திறமையா?
(நெய்வேலி வாசகர்)

ப: பொறுமை. நூறாவது முறையும் முதல் முறை அழுத்திய அதே பொத்தானைத்தான் அழுத்துகிறீர்கள் என்றால், நடுவில் போன நேரம் உங்களுக்கு எதையும் கற்றுத்தரவில்லை.

கே: செய்முறைப் புத்தகம் வந்ததும் மைன்கிராஃப்ட் கெட்டுப்போய்விட்டது என்கிறான் அண்ணன்.
(பள்ளி மாணவி, கடலூர்)

ப: கணினிப் பதிப்பில் 2017-இல் அந்தப் புத்தகம் வரும்வரை, எதை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தானே முயன்று பார்க்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. தானே கண்டுபிடித்த சந்தோஷம் உங்கள் அண்ணனுக்கு உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் மூன்று பலகையும் இரண்டு குச்சியும் சேர்ந்தால் பிக்காக்ஸ் என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால் முடிந்துபோகும் ரகசியம். அதே கேமில் பீக்கன் என்ற பொருளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு நெதர் நட்சத்திரம் வேண்டும். நட்சத்திரம் வேண்டுமென்றால் விதர் என்ற அரக்கனைக் கொல்ல வேண்டும். அந்தச் சண்டையை எந்தப் புத்தகமும் அவருக்காகப் போடாது.

கே: அப்படியானால் எல்லாவற்றையும் எளிதாக்கிவிடலாமே?
(சிதம்பரம் வாசகர்)

ப: கூடவே கூடாது. 2003-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' கேமில் ஒவ்வொரு கனிமத்துக்கும் தனித் தரம் இருந்தது. நல்ல கனிமம் ஓர் இடத்தில் சில காலமே கிடைக்கும், பிறகு மறைந்துவிடும். தேடி எடுத்து, சோதித்து, கலந்து செய்பவரின் துப்பாக்கிக்கென்றே வாடிக்கையாளர்கள் வருவார்கள். புதியவர்களை ஈர்க்க 2005 நவம்பரில் கேமை நடத்திய நிறுவனம் கேமையே மாற்றி அமைத்தது. 30-க்கும் மேற்பட்ட தொழில்கள் 9 ஆகச் சுருங்கின. பழைய ஆட்டக்காரர்கள் கொதித்துப்போய்க் கூட்டமாக விலகினார்கள். 2011 டிசம்பரில் கேம் மூடப்பட்டது. ஊன்றிக் கற்றவரின் உழைப்பை ஒரே நாளில் செல்லாததாக்குவது அநியாயம்.

கே: இன்னும் கடினமாக்கினால்?
(விருத்தாசலம் வாசகர்)

ப: அதையும் பார்த்தாயிற்று. 2004-இல் வெளியான 'எவர்குவெஸ்ட் 2' கேமில், தொடக்க காலத்தில் பட்டறை வேலையில் சறுக்கினால் கதாபாத்திரம் செத்தே போக வாய்ப்பிருந்தது. சட்டை தைக்க உட்கார்ந்தவர் உயிரை விட வேண்டியதில்லை!

கே: பகலெல்லாம் பலாப்பழ மண்டியில் வேலை. இரவு அரை மணி நேரம்தான் ஆடுகிறேன். 'நூப்' (கற்றுக்குட்டி) என்று கேலி செய்கிறார்கள்.
(பண்ருட்டி வாசகர்)

ப: உங்களிடம் இல்லாதது நேரம் மட்டும்தான். அரை மணி நேரத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு சரியாக இருந்தால் அதற்கு முழுப் பலன் தருவதே நல்ல கேம். கேலி செய்பவர்களைப் பட்டறைக்குக் கூப்பிட்டு ஒரு கவசம் செய்து காட்டுங்கள், தம்பி.

கே: பணம் கட்டினால் காத்திருக்க வேண்டாம் என்கிறதே கேம்?
(குறிஞ்சிப்பாடி வாசகர்)

ப: 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' 2012-இல் வந்தது. அதில் உயர் நிலைக் கட்டடத்தை மேம்படுத்த நாள்கணக்கில் ஆகும். காசுக்கு வாங்கக்கூடிய ஜெம் கொடுத்தால் உடனே முடியும். காத்திருப்பை விற்பவருக்கு அதை முழுதாக ஒழிக்க மனம் வராது. பொழுதுபோக்காக ஆடும் கேஷுவலும் மூழ்கி ஆடும் ஹார்ட்கோரும் கைகோத்து எதிர்க்க வேண்டியது இதைத்தான்.

கே: கேம் உருவாக்கப் படிக்கிறேன். சுருக்கமாக ஓர் அறிவுரை?
(மாணவி, கடலூர்)

ப: முதல் வாளை ஐந்து நிமிடத்தில் செய்ய விடுங்கள். மிகச் சிறந்த வாள், தவறு செய்து கற்றவருக்கு மட்டும் கிடைக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் வெறும் காத்திருப்பை வைக்காதீர்கள்.