மடிதான் லோயர் பெர்த்

ஒரு வருஷத்தில் குழந்தைகளோடு எத்தனை ஊர் பார்க்கலாம்?

நீங்கள் நாலு ஊர் பார்ப்பீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளை நானூறு மாடு பார்த்திருக்கும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் என் மூன்று வயது மகன் சிங்கத்தை விட்டுவிட்டு அணிலையே பார்த்தான். டிக்கெட் காசு வீண்தானே?

சிங்கம் தூங்கியிருக்கும், அணில் ஓடியிருக்கும். நீங்களானால் யாரைப் பார்ப்பீர்கள்? செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.

ஊட்டி மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏறக் கிட்டத்தட்ட 5 மணி நேரமாமே, வாண்டுகள் தாங்குமா?

வழியில் 16 குகைகள். ஒவ்வொன்றிலும் பெட்டியே 'ஓ'வென்று கத்தும், யாரும் அதட்ட மாட்டார்கள். வீட்டில் அதற்கு அனுமதி உண்டா? கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் முளைத்திருக்கும். சக்கரம் அதைக் கடித்துக் கடித்துத்தான் குன்னூர்வரை ஏறும். பால்பல் ஆடும் வயசில் காட்ட வேண்டிய காட்சி அது. என்ஜினுக்குத் தண்ணீர் பிடித்தபோது, "அதுக்கும் தாகமாப்பா?" என்று தன் பாட்டிலை நீட்டினாள் என் மகள்.

ஆறு வயது மகளுக்கு ரயிலில் அரை டிக்கெட் எடுத்தால் பெர்த் கிடையாதா?

கிடையாது. 5 வயதிலிருந்து 12 வயதுக்குள் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். அரை டிக்கெட்டுக்கு உங்கள் மடிதான் லோயர் பெர்த். அடுத்த வருஷம் கால் நீளும், அந்த பெர்த்தும் பத்தாது.

கொடைக்கானல் கிளம்புகிறோம். மறக்காமல் எதை எடுத்துவைக்க?

மாற்றுப் புடவை. வளைவில் வாந்தி எடுப்பது குழந்தை, நனைவது அம்மா. மலை ஏறுமுன் வத்தலக்குண்டில் வயிறு முட்ட ஊட்டாதீர்கள்.