ஒருவரியார்

ஒருவரியாரைக் கண்டுபிடிக்க டிசம்பர் மாதம்தான் தோது. முதல் தேதி காலை பத்தரை மணிக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஏதாவது ஒரு மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழையுங்கள். டீமே ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு எழுந்து நிற்க, ஒருவர் மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால் முதுகுவலி என்பார்.

அந்த முதுகுவலிக்குக் காரணம் அமெரிக்காவில் இருக்கிறது. எரிக் வாஸ்ட்ல் என்பவர் 2015-ல் 'அட்வென்ட் ஆஃப் கோட்' என்று ஒன்றைத் தொடங்கிவைத்தார். டிசம்பர் பிறந்தால் நாளுக்கொரு நிரல் புதிர்; 2024 வரை அது கிறிஸ்துமஸ் மட்டும் நீண்டது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு அடித்ததும் அது திறக்கும். அங்குள்ளவர்கள் பாவம், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். நமக்கு அதுவே காலை பத்தரை. தூக்கத்துக்குச் சேதமில்லை, வேலைக்குத்தான்.

ஒருவரியாரின் மேஜையில் ஆடி மாதத்திலிருந்து ஒரு டிக்கெட் கிடக்கிறது. வாடிக்கையாளர் பெயரில் மேற்கோள்குறி வந்துவிட்டால் பில் அச்சாகாமல் முரண்டு பிடிக்கிறது. மேனேஜர் கேட்கும்போதெல்லாம் "பார்த்துக்கிட்டே இருக்கேன் சார்" என்பார். பொய்யில்லை, பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் அந்த வேலையில் ஒரு கிளையன்ட் இருக்கிறார், அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், முடித்துக் கொடுத்தாலும் "நாங்கள் கேட்டது இது இல்லையே" என்று மெயில் வரும். புதிரில் அந்தத் தொல்லை கிடையாது. விடையைப் போட்டால் சரி, தப்பு, இரண்டில் ஒன்று உடனே தெரியும். சரியென்றால் தங்க நட்சத்திரம். பத்து வருஷ சர்வீஸில் எந்த அப்ரைசலிலும் அவருக்கு நட்சத்திரம் கொடுத்தவர் இல்லை.

2021-ஆம் ஆண்டுப் புதிர் ஒன்றை அவர் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்வார். ஆழ்கடலில் ஒரு வகை மீன். ஒவ்வொன்றும் ஏழு நாளைக்கு ஒரு குஞ்சு போடும், புதுக் குஞ்சுக்கு மட்டும் முதல் தடவை இரண்டு நாள் கூடுதல். எண்பது நாளில் எத்தனை மீன் என்பது முதல் பாதி. ஐந்து மீனில் தொடங்கும் மாதிரிக் கணக்குக்கு விடை 5,934. ஒவ்வொரு மீனையும் ஒரு லிஸ்டில் போட்டு எண்ணினவர்கள் எல்லோரும் பாஸ். இரண்டாம் பாதியில் அதே கேள்வி, நாள் மட்டும் 256. விடை 2,698 கோடியைத் தாண்டும். லிஸ்ட் போட்டவர்களின் மெஷின் மூச்சு முட்டி நின்றது. ஒருவரியாரோ மீன்களை எண்ணவே இல்லை. குஞ்சு போட இன்னும் இத்தனை நாள் உள்ள மீன் எத்தனை என்று ஒன்பதே ஒன்பது எண்களை வைத்துக்கொண்டு அவற்றை நாள்தோறும் ஓரிடம் தள்ளினார், தீர்ந்தது. அழகான யோசனைதான், மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மீன்கடையில், வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் அதை விளக்கியதைத்தான் வீட்டில் மன்னிக்கவில்லை.

விடை வந்ததும் நீங்களும் நானும் டீ குடிக்கப் போவோம். அவருக்கு அப்போதுதான் பொழுது விடியும். வந்த விடையை எத்தனை குறைவான எழுத்தில் வரவழைக்கலாம் என்பது இந்தச் சாதியின் தனிப் பித்து. கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயிப்பதால் இதற்கும் 'கோட் கோல்ஃப்' என்றே பெயர். 'புராஜெக்ட் ஆய்லர்' என்ற கணக்குத் தொகுப்பின் முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆயிரத்துக்குக் கீழே மூன்றாலோ ஐந்தாலோ வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை. கல்லூரிப் பிள்ளை ஐந்து வரியில் லூப் போட்டு 233168 என்று சொல்லிவிடும். ஒருவரியார் பைத்தான் மொழியில் ஒரே வரியில் சொல்வார். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து, லூப்பே வேண்டாம், மூன்றின் மடங்குகளின் கூட்டு 166833-ஐயும் ஐந்தின் மடங்குகளின் கூட்டு 99500-ஐயும் சேர்த்து, இரண்டிலும் வந்த பதினைந்தின் மடங்குகள் 33165-ஐக் கழித்தால் போதும் என்று கண்டுபிடிப்பார். அது பேப்பரிலேயே போடக்கூடிய கணக்கு, கம்ப்யூட்டரே தேவையில்லை என்று யாராவது சொன்னால் முகம் வாடிவிடும்.

பைத்தானில் ':=' என்று ஒரு குறி உண்டு. கணக்கிட்ட மதிப்பை அதே மூச்சில் பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு வரி மிச்சம். இந்தக் குறி வேண்டுமா வேண்டாமா என்று நடந்த சண்டையில் நொந்துபோய், பைத்தானைப் படைத்த கீடோ வான் ராஸமே 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். "ஒரு வரி மிச்சமாச்சே, விலகினா என்ன?" என்பது ஒருவரியாரின் கட்சி.

இவருக்கும் ஒரு குரு உண்டு. அடுத்த பில்டிங்கில் ரிட்டயராகப் போகிற பெர்ல்காரர். லாரி வால் 1987-ல் வெளியிட்ட அந்த மொழியில் எதையும் பல வழிகளில் எழுதலாம். எந்த வழியில் எழுதினாலும் அடுத்தவருக்குப் புரியாது. நல்ல நிரலருக்குச் சோம்பல், பொறுமையின்மை, கர்வம் மூன்றும் வேண்டும் என்று வால் வேடிக்கையாக எழுதினார். குரு அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டுவிட்டார். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அத்தனை ஒன்றுகளை வரிசையாக எழுதி ரெஜெக்ஸ் என்ற வடிவம் தேடும் சூத்திரத்தில் பொருத்திப் பார்க்கும் வித்தை ஒன்று உண்டு. அபிகெயில் என்ற பெயரில் எழுதும் பெர்ல்காரர் செய்தது. இருபது எழுத்துக்கு மேல் போகாத அந்தக் கிறுக்கலைக் குரு பர்ஸில் பேரன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து, கேள்வியை ஒட்டினால் கண் சிமிட்டுவதற்குள் விடையைத் துப்புகிறது. போதாக்குறைக்கு 2025-ல் வாஸ்ட்ல் புதிர் நாட்களைப் பன்னிரண்டாகக் குறைத்து, உலக அளவில் முதல் நூறு பேரைக் காட்டும் பட்டியலையும் எடுத்துவிட்டார். ஒருவரியார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நூறில் அவர் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை என்பதை நாமாகச் சொல்லிக் காட்டக் கூடாது.

இப்படிப்பட்டவரிடம் குடும்பப் பொறுப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். மச்சினன் கல்யாணம். சொந்தக்காரர்களுக்குத் துணி எடுக்க வேண்டும். மாமியார் ஒரு பட்டியல், மாமனார் ஒரு பட்டியல், மனைவி வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல். மூன்றிலும் பாதிப் பேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

"ஏங்க, உக்காந்து அடிச்சுக் குடுங்களேன்" என்றார் மனைவி.

"எதுக்கு அடிக்கணும்? பேரையும் அட்ரஸையும் சேர்த்து ஒரு செட்டுல போட்டா ரெண்டாவது தடவை வர்றது தானா கழண்டுடும். ஒரு வரி."

உண்மையிலேயே ஒரு வரிதான். அதை எழுதச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போயின என்பது தனி. பட்டியல் சுருங்கியது, மாமனார் கடைக்குப் போனார், வேட்டிகள் வந்தன.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மரியாதை செய்யக் கூப்பிட்டபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமியாரின் பெரியப்பா ஆர். சுப்பிரமணியனுக்கு வேட்டி இல்லை. அவர் வேட்டியை வாங்கிக்கொண்டு போனது காலேஜ் படிக்கும் பேரன் ஆர். சுப்பிரமணியன். தாத்தாவின் அப்பா பெயர் ராமசாமி. தாத்தா தன் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்த ராமசாமி தன் பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்தார். இனிஷியல் முதல் கதவு எண் வரை எதிலும் துளி வித்தியாசமில்லை. வயது தெரியாத பைத்தானுக்கு இருவரும் ஒருவரே.

பெரியவர் பந்திக்கு உட்காராமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாமனார் தனக்கு வைத்திருந்த பட்டு வேட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு ஓடினார்.

மாமியார் நேரே மாப்பிள்ளையிடம் வந்தார். ஒருவரியார் மணமேடைக்குப் பின்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "இன்புட் சரியில்லை அத்தை" என்றார்.

"இன்புட்டாவது ஒண்ணாவது. பேரோட வயசையும் சேர்த்துப் போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காதே மாப்பிள்ளை?"

ஒருவரியார் திரையைப் பார்த்தார், யோசித்தார், தலையை ஆட்டினார்.

"போடலாம் அத்தை. ஆனா ரெண்டு வரி ஆயிடும்."