மூன்றாவது கண்

கே: சென்னையில் கேமரா மாட்டியே பேர் வாங்கினாரே கமிஷனர் ஏ.கே.விஸ்வநாதன், அந்த வித்தை எங்கள் பக்கம் பலிக்குமா?
– ஒரு வாசகர், வீரசோழன்

ப: 1990-ஆம் ஆண்டு ஐ.பி.எஸ்.காரர். கோவையில் கமிஷனர், பிறகு 2017 முதல் 2020 வரை சென்னையில். புது இயந்திரம் என்றாலே முகம் சுளிக்கும் அதிகாரிகள் உண்டு. இவரோ முகத்தைப் படம்பிடித்து ஆளைக் காட்டும் 'ஃபேஸ்டேகர்' செயலியை 2017-லேயே போலீசார் கையில் கொடுத்தவர். ஆனால் நிஜமான சாமர்த்தியம் கேமராவில் இல்லை, காசில்! அரசு நிதிக்கு மட்டும் காத்திராமல், கடைக்காரர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் பேசிப் பேசியே 'மூன்றாவது கண்' கேமராக்களை மாட்ட வைத்தார். 2021-ல் ஃபோர்ப்ஸ் வெளியிட்ட கேமரா நெரிசல் பட்டியலில் டெல்லி, லண்டனுக்கு அடுத்த இடம் சென்னைக்கு. (குடிநீருக்கு இப்படி ஒரு பட்டியல் இருந்தால் பேச்சை மாற்றிவிடுவோம்.)

உங்கள் ஊரில் சந்தை முக்கு, பஸ் ஸ்டாப் இரண்டிலும் தாராளமாக மாட்டலாம். ஊருக்கு வெளியே மாட்டினால் இருபத்துநாலு மணி நேரமும் பதிவாவது சீமைக்கருவேலம்தான். ஆடு திருடுகிறவன் அதற்குப் பின்னால் போய்விடுவான். மாட்டுவதற்கு நன்கொடை தருகிறவர்களிடம், பழுது பார்க்கவும் கையோடு ஒரு தொகை கேட்டு வாங்கிவிடுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு யாரும் தர மாட்டார்கள்.