பிரிக்காத பொட்டி

எலே பேராண்டி, அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வையி. இங்கன தார்சால வந்து உக்காரு. ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு. ஒங்க ஆச்சி கருப்பட்டிக் காப்பி போடுதா. அது கொதிக்கதுக்குள்ள ஒனக்கு நாலு புத்தி சொல்லலாம்னு இருக்கேன். முழிக்காத. கலியாணப் பேச்சு இல்ல.

கண்ணு ஆபரேசனுக்கு மெட்ராசு வந்தப்போ ஒன் வீட்டுல பத்து நாளு கெடந்தேம்லா, அப்பவே கேக்கணும்னு நெனச்சேன். சுவரு முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பொட்டி. பய செருப்புக் கடை கிடை வச்சிருக்கானோன்னு முதல்ல ஒரு சந்தேகம். கட்டு அவுத்த அன்னைக்கு வேற சோலி இல்லாம எண்ணிப் பாத்தேன். 43 பொட்டி. அதுல 16 பொட்டிக்கு மேல சுத்துன கண்ணாடித் தாளே கிழிக்கல. என்னல இதுன்னு கேட்டதுக்கு, ‘ஆடுறதுக்கு தாத்தா’ன்ன. அப்ப கிழிக்காம வச்சிருக்கியேன்னா, ‘அதுக்கு ஆள் சேரணும்’ன்ன.

ஆள் சேராத ஆட்டத்துக்குப் பொட்டி வாங்குதது, பொண்ணு பாக்கதுக்கு முன்னால தொட்டில் வாங்குத மாதிரி. மொறைக்காத. கலியாணப் பேச்சு இல்லன்னுதான் சொன்னேன், தொட்டில் பேச்சு இல்லன்னு சொன்னேனா?

நீ வாங்கு. நான் தடுக்கல. மாசம் ரெண்டு வாங்கு. ஆனா பிரிச்சிராத. பிரிச்சா அது வெளையாட்டு, யாரோ ஒருத்தன் தோத்தாகணும். பிரிக்காம வச்சிருந்தா நீதான் ராசா, ஒன்னைத் தோக்கடிக்க ஒரு பய பொறக்கல.

எங்க காலத்துல இந்தச் சொகம் இல்ல. ஆத்தங்கரை மண்டபத்துல, படியேறுன ஒடனே இடது பக்கம், தரைக் கல்லுல ஆடுபுலிக் கோடு வெட்டிக் கெடக்கும். யாரு வெட்டுனான்னு எங்க தாத்தாவுக்கே தெரியாது. 23 முனை. 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்குக் கூழாங்கல்லு, புலிக்குப் புளியங்கொட்டை. ஒரு வெத்தலை போட்டுத் துப்புததுக்குள்ள ஆட்டம் சொல்லிக் குடுத்துருவாக. ஆட்டுக்காரன் ஒவ்வொண்ணா எறக்குவான், புலிக்காரன் தாண்டித் தாண்டி வெட்டுவான், நகர முடியாம புலியக் கட்டிட்டா ஆட்டுக்குச் செயம். அவ்வளவுதான். ஒன் பொட்டிக்குள்ள இருக்கது 32 பக்கப் புஸ்தகம். அத நீ ஒரு மணி நேரம் வாசிச்சு முடிக்கதுக்குள்ள ஒன் சேக்காளி ஒருத்தன் உக்காந்த வாக்குல கொறட்டை விட்டான். அய்யரு ஓதுத மந்திரம்கூட இம்புட்டு நேரம் ஆகாதுல.

இன்னொருத்தன் என்ன சொன்னான் தெரியுமா? ‘தாத்தா, இப்ப புதுசா ஒரு மாதிரி வந்திருக்கு, ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற படை, வேற வேற விதி, நம்பவே முடியாது’ன்னான். நம்புதேன் தம்பின்னேன். மண்டபத்துக் கல்லுல நான் உக்காந்த எடம் வழுவழுன்னு தேஞ்சு கெடக்கு, போயித் தடவிப் பாருன்னு சொல்லல. விருந்தாளிப் பையன்.

நீ சொன்ன கதையில ஒண்ணு மட்டும் எனக்கு நெஞ்சுல நின்னுச்சு. அமெரிக்காவுல லிஸி மகீன்னு ஒரு அம்மா. நெலத்தையெல்லாம் ஒருத்தனே வளைச்சுப் போட்டா மத்தவன் கதி என்னாகும்னு காட்டுததுக்கு ஆட்டம் ஒண்ணு உண்டாக்கி, 1904ல காப்புரிமை வாங்குச்சு. 1935ல அது உருமாறி மொனாப்பொலின்னு கடைக்கு வந்துச்சு. வளைச்சுப் போடுதவன்தான் அதுல செயிக்கான்! அந்த அம்மா கைக்கு வந்தது 500 டாலரு. நீ இதச் சொல்லிட்டு ஆச்சரியமா என் மூஞ்சியப் பாத்த. இருவது வருசம் குத்தகை நெலத்துல நாத்து நட்டவன்கிட்ட சொல்லுதியே, எனக்கு என்னல ஆச்சரியம்?

வெள்ளிக்கெழமை ராத்திரி ஒண்ணு ஆடுதியளே, ஒருத்தன் அட்டைய மறைப்பாக் கட்டிக்கிட்டு, ‘இருட்டுக் குகை, உள்ள ஒரு சத்தம் கேக்கு’ங்கான், மத்தவன் எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு 20 பக்கக் கட்டைய உருட்டுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேரு, 1974லயே வந்துட்டுன்ன. கேக்கக் கேக்க நமக்கு வில்லுப்பாட்டு ஞாவகம்தான் வந்துச்சு. நடுவுல அண்ணாவி கதையச் சொல்லுதாரு, பின்னால இருக்கவன் ‘ஆமா’ங்கான். ஒரே வித்தியாசம், சுடலைமாடன் கோயில் கொடையில அண்ணாவிக்கு ரூவாயும் வேட்டியும் குடுப்போம். ஒங்க அண்ணாவி கைக்காசுல பீசா வாங்கித் தாரான். அந்தப் பயல விட்டுராத, கெட்டியாப் பிடிச்சுக்க.

சினிமா விசயத்துக்கு வாரேன். அந்த மோதிரப் படம் மூணையும் ஒரே நாள்ல பாக்கணும்னு என்னையும் உக்கார வச்ச. நீட்டுன படமாம், மூணுஞ் சேந்து 11 மணி நேரத்துக்கு மேல. நடுவுல நடுவுல நிப்பாட்டி, ‘புஸ்தகத்துல இது வேற மாதிரி தாத்தா’ன்னு வெளக்கம் வேற. நான் மத்தியானம் கண்ணசந்து, சாயங்காலம் எந்திரிச்சுப் பாக்கேன், இன்னும் நடந்துக்கிட்டே இருக்கானுவ. ஒத்த மோதிரத்தக் கொண்டு போயிப் போடுததுக்கு அந்த ஊருல ஒரு டவுன் பஸ்சு கெடையாதால?

1958ல ‘நாடோடி மன்னன்’ நம்ம ஊரு டூரிங் கொட்டகைக்கு வந்தப்போ எனக்கு வெவரம் தெரிஞ்ச வயசு. தரை டிக்கெட்டு. மணலைக் குவிச்சு அதுமேல ஒசரமா உக்காருவேன், பின்னால இருக்கவன் காலாலயே தட்டி விடுவான், திரும்பக் குவிப்பேன். கறுப்பு வெள்ளையா ஓடிக்கிட்டு இருந்த படம் பாதிக்கு மேல கலராயிட்டு. கொட்டகை முழுக்க ஒரே விசிலு. என் பக்கத்துல இருந்த கெழவரு கண்ணத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தாரு, தனக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு. நிப்பாட்டி வெளக்கம் சொல்ல ஒருத்தரும் கெடையாது. சொல்லியிருந்தா மணலாலேயே மூடியிருப்போம்.

இப்ப பாய் கதை. போன மாசம் பத்தமடையில ரெண்டு நாளு பாய் முடையப் படிக்கேன்னு 600 கிலோமீட்டர் தாண்டி வந்த. தொணைக்கு என்னையும் கூட்டிட்டுப் போன. நல்ல காரியம், நான் கிண்டல் பண்ண மாட்டேன். கொஞ்சமாப் பண்ணுதேன்.

பாய் முடையச் சொல்லிக் குடுத்த அம்மா திண்ணையில உக்காந்திருந்த உக்காரலப் பாத்தியா? ஒரு கோரைய எடுத்தா, கத்தி முனைய வச்சா, நெடுக ஒரு இழுப்பு. ரெண்டாச்சு, நாலாச்சு, அதுக்கு மேல எனக்கு எண்ணத் தெரியல. உள்ள இருக்க பஞ்ச வழிச்சுப் போட்டா நூலு மாதிரி நிக்கி. பச்சையில அறுத்து, காயப்போட்டு, தாமிரபரணித் தண்ணியில ஊறப்போட்டு, திரும்பவும் காயப்போட்டு, அதுக்கு அப்புறந்தான் இந்தக் கத்திக்கே வருது. பருத்தி நூலு பாவுல அதக் கோத்துக் கோத்துத் தட்டுதா. மடிச்சா துணி மாதிரி மடியுது. அதனாலதான் பட்டுப்பாய்ங்காக. எலிசபெத் ராணிக்கு 1953ல முடிசூட்டுனப்போ இங்க இருந்துதான் பாய் போச்சுன்னு ஊருல இன்னைக்கும் சொல்லுவாக.

நீ கத்தியப் பிடிச்ச. மூணாவது கோரையில வெரலு போச்சு. ரத்தத்தத் தொடைக்கதுக்கு முன்னால ஒரு போட்டோ. அந்த அம்மா மஞ்சப்பொடிய வச்சுக் கட்டிக்கிட்டே கேட்டா, ‘தம்பிக்கு என்ன வேலை?’ கம்ப்யூட்டர்னு சொன்ன. ‘நல்லதாப் போச்சு’ன்னா. அந்த ஒத்த வார்த்தையில இருந்த ஏளனம் ஒனக்குப் புரியல, பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன. எனக்குச் சிரிப்ப அடக்க முடியாம வெத்தல பொற ஏறிட்டு.

ரெண்டு நாள்ல நீ முடைஞ்சது உள்ளங்கை அகலம், ஒரு ஓரம் ஏறி, ஒரு ஓரம் எறங்கி. பரவால்ல, என் சொம்பு வைக்கப் பத்தும்னு வாங்கி வச்சுக்கிட்டேன். இந்தா, இப்பவும் அதுமேலதான் இருக்கு. ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கி, அது சொம்போட கோளாறுன்னு வச்சுக்குவோம்.

ஆனா ஒண்ணு கேக்கணும். படிக்கதுக்கு அவுக கேட்ட ரூவாய மறுபேச்சு பேசாம போன்லயே தட்டிவிட்ட. கெளம்பும்போது அந்த அம்மா பல நாளு கண்ணு பூத்து முடைஞ்ச பாய எடுத்துக்கிட்டு, 200 ரூவா கொறைச்சுக்கிடுங்கன்னு நின்ன. ஏம்ல, ஒன் அலமாரியில 16 பொட்டி தூங்குதே, அதச் செஞ்சு விக்குத செருமன்காரன்கிட்ட எப்பவாச்சும் 200 கொறைக்கச் சொன்னியா? அடுத்த தடவை கேட்டுப் பாரு. அவன் கொறைச்சான்னா எனக்கும் ஒரு பொட்டி வாங்கு. (அந்த அம்மா கொறைக்கல. நல்ல பொம்பள.)

சரி, நேத்து ராத்திரி. பாளையங்கோட்டையில இருந்து ரெண்டு பேரு வந்தானுவ, மூணாவது ஆளு வரல. ஒரு கை கொறையுதுன்னு கெழவனை இழுத்து உக்கார வச்சிய. கட்டான்னு பேரு, 1995ல கிளாவுஸ் டோய்பர்னு ஒரு செருமன்காரரு உண்டாக்குனதுன்ன. அவரு அப்ப பல்லு செட்டு செஞ்சு குடுக்குத வேலையில இருந்தவருன்னதும் எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு. பல்லு போனவன் கட்சிக்காரரு.

பெறகு நீ சீட்டையெல்லாம் எடுத்து எண்ணுன. மரம் 19, செங்கல் 19, கோதுமை 19, கல்லு 19, ஆடு 19. ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியா பிளாஸ்டிக் சட்டை. ஒனக்குச் சின்ன வயசுல ஒங்கம்மா இம்புட்டு அக்கறையா சட்டை போட்டு விட்டு நான் பாத்தது இல்ல.

நீ வெளக்கஞ் சொல்லும்போது நான் தூங்குனேன்னு நெனச்சிய. கண்ணுதான் மூடுனேன். ஆட்டுக் காடு ரெண்டு ஒண்ணா இருக்க எடத்துல ஒரு வீடு, ஆட்டுத் துறைமுகத்துல ஒரு வீடுன்னு வச்சேன். ‘ஆட்ட வச்சு என்ன பண்ணுவிய தாத்தா?’ன்னு ஒன் சேக்காளி சிரிச்சான். சிரிக்கட்டும்னு விட்டேன். நீங்க என்ன பண்ணுதிய? ‘எங்கிட்ட ரெண்டு கோதுமை இருக்கு, செங்கல் வேணும், யாரு தருவா’ன்னு கூவுதிய. மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில நான் துண்டுக்கு அடியில வெரலப் பிடிச்சு வெலை பேசுன ஆளு. வித்தவன் முகத்தப் பாத்தாலும் வாங்குனவன் முகத்தப் பாத்தாலும் வெலை தெரியாது. நீங்க நாலு தெரு கேக்க ஏலம் போடுதிய!

வேண்டாத ஆட்டையெல்லாம் எங்கிட்ட தள்ளுனிய, பாவம் கெழவன்னு. துறைமுகத்துல ரெண்டு ஆட்டக் குடுத்தா கேட்ட சரக்கு ஒண்ணு. செங்கலு வந்துச்சு, கல்லு வந்துச்சு, வீடு நகரமாச்சு. கட்டையில 7 விழுந்து திருடனை எங்க வைக்கன்னு கேட்டப்போ, ஒங் கோதுமை வயலு மேலயே வச்சேன். சொந்தத்துக்குள்ள வச்சுக்கிட்டா சண்டை வெளிய போகாதுல்லா. ஒருத்தனும் கவனிக்காத நேரம் பாத்து 10 எண்ணிக் காட்டுனேன். ஒன் மூஞ்சி போன போக்கு இருக்கே, ஒங்க ஆச்சியக் கூப்பிட்டுக் காட்டுனேன்.

பெறகு ராத்திரி ஒரு மணிக்கு டார்ச்சு அடிச்சுக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில தவழ்ந்தியே, என்னத்தத் தேடுன? ஆட்டுச் சீட்டு 18தான் இருக்கு, ஒண்ணக் காணும்னு காலையில ஆச்சிகிட்ட பொலம்புனியாம். அந்தப் பேச்சோட பேச்சா, அடுத்த மாசம் வேலை சாஸ்தி, வர முடியாதுன்னும் சொன்னியாம்லா.

வேலை இருந்தா பாரு, பேராண்டி. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. அந்த ஆடு பத்திரமா இருக்கு, என் வெத்தலைப் பொட்டியில, பாக்குக்கு அடியில, சட்டையோட. சுண்ணாம்பு படாமப் பாத்துக்கிடுதேன். கை நீட்டாத, இப்பத் தர மாட்டேன். வரும்போது அந்தப் பதினாறுல ஒரு பொட்டியக் கொண்டா, இங்கன தார்சால வச்சுப் பிரிப்போம்.

இந்தா, காப்பி வந்துட்டு. பைய, அந்தச் சொம்பத் தட்டிராத.